கோப்பி தூக்கத்தில் ஓடுகிறது

ரெங்கம்
3 ஜூன் 2025

பிரெட்ரிக்,

கோப்பியின் பின்னங்கால்கள் நேற்றுக் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

போனை எடுத்தேன். உங்கள் பெயர் வரைக்கும் போனேன். அந்நேரம் நீங்கள் சிங்கப்பூர் போகும் செகண்ட் லிங்க் பாலத்தில், ஆயிரம் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே வரிசையில் நின்றிருப்பீர்கள். எடுத்தாலும் "அப்புறம் பேசலாம்" என்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. பாதர் மனோகரனிடம் கொடுத்த வாக்கும் இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் போன் கிடையாது, கையால் எழுதித் தபாலில்தான் போட வேண்டும் என்றாரே. "ஸ்டாம்ப் ஒட்டற வரைக்கும் கோபம் நிக்குதான்னு பாருங்க" என்று அவர் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள், நான் சிரிக்கவில்லை. ஆகஸ்டில் அவர் முன்னால் போய் உட்கார்ந்து சேர்ந்திருப்பதா பிரிவதா என்று சொல்லும்வரை கடிதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை செனாயில் உபைத் அண்ணன் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், உங்கள் இரண்டு வாரம் முடிந்து, வழக்கம்போல் கோப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வழக்கம்போல் அதுவும் என் கார் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, உங்கள் மோட்டார் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. இரவு நன்றாகச் சாப்பிட்டது. காலையில் சமையலறைக்கு வந்தபோது தரையில் கிடந்தது. அந்த ஒற்றை முன்னங்காலை ஊன்றி மார்பைத் தூக்கி வைத்திருந்தது. பின்பக்கம் ஈரத்துணிபோலப் பரந்து கிடந்தது. அழவில்லை. நான் ஏதோ தரையை மாற்றி வைத்துவிட்டதைப்போல என்னைப் பார்த்தது.

குளுவாங்கில் நாய்களைப் பார்க்கும் டாக்டர் சமந்தாவிடம் கொண்டுபோனேன். முதுகெலும்பின் ஒவ்வோர் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல ஒன்று இருக்கிறது, அதை டிஸ்க் என்கிறார்கள். கோப்பிக்கு விலா முடிகிற இடத்தில் அது பிதுங்கி, உள்ளே போகும் நரம்பை அழுத்துகிறது. "முன்னங்கால் ஒண்ணு இல்லல்ல, ஒவ்வொரு அடிக்கும் முதுகை வளைச்சு வளைச்சுத்தான் நடந்திருக்கும். இத்தனை வருஷமா அந்தக் கால் வேலையை முதுகுதான் பாத்திருக்கு" என்றார் டாக்டர். பிறகு பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கோப்பி தலையைத் திருப்பி அவரை முறைத்தது. "வலி தெரியுது. நல்ல சேதி" என்றார். வலி தெரிவது நல்ல சேதி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு வழி இருக்கிறது. கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்து அறுவை செய்யலாம். அல்லது ஆறு வாரம் கூண்டில் அசையாமல் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, பிதுங்கியது தானாக அடங்குகிறதா என்று பார்க்கலாம். உணர்வு இருப்பதால் இரண்டாவதை முயன்று பார்க்கலாம் என்றார். நான் கூண்டைத் தேர்ந்தெடுத்தேன். அந்த உணர்வும் போய்விட்டால் வேறு விஷயம் பேச வேண்டியிருக்கும் என்றார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே பதினைந்தாம் தேதி உங்கள் முறைக்குக் கோப்பி வராது.

ஐலீன்

*

கெலாங் பாத்தா
7 ஜூன் 2025

ஐலீன்,

நாய் விழுந்ததற்குமா ஸ்டாம்ப்?

நீ எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான்கு நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நான்கு நாளும் வேலை முடிந்து வரும்போது, பதினைந்தாம் தேதி கோப்பி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே பாலத்தைக் கடந்திருக்கிறேன். இதற்குக் கோபப்பட வேண்டுமா என்று பாதரைத்தான் கேட்க வேண்டும்.

சில கேள்விகள். சிறுநீர் தானாகப் போகிறதா? வால் அசைகிறதா? எந்தப் பக்கம் மோசம்? நான் மெஷின் பழுது பார்க்கிறவன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நீ எழுதாத கேள்வி ஒன்றும் இருக்கிறது, அதை நானே கேட்டுக்கொண்டேன். என் மோட்டாரின் பின்னால் கட்டியிருக்கும் நீலப் பெட்டியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு செனாய் வரைக்கும் நின்றபடியே வந்ததே, அதனாலா? அந்த ஞாயிறு சாலையில் எத்தனை பள்ளம் என்று இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது.

நாம் அதைக் கண்டெடுத்த நாளும் ஞாபகம் வருகிறது. கல்யாணமாகி மூன்று மாதம். பூசை முடிந்து உன் அப்பா வீட்டுக்கு எஸ்டேட் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். செம்பனை மரங்களுக்கு நடுவே பனி இறங்கியிருந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் இடது முன்னங்கால் மாட்டி, குட்டி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. நீ கோயிலுக்குக் கட்டிய சேலையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். காலை எடுத்த டாக்டர் சொன்னாரே, "மூணு போதும். நாய்க்குக் கணக்குத் தெரியாது" என்று.

அறுவைதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. லீவு போடுகிறேன், வேன் கேட்டு வாங்குகிறேன், கோலாலம்பூருக்கு நானே ஓட்டுகிறேன். ஞாயிறு பதினைந்தாம் தேதி வந்து பார்க்கிறேன், பேசலாம்.

பிரெட்ரிக்

*

ரெங்கம்
11 ஜூன் 2025

பிரெட்ரிக்,

நீங்கள் வரக் கூடாது. காரணத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், அங்கே தாண்டிப் போய்விடாதீர்கள்.

உங்கள் கேள்விகளுக்கு: சிறுநீர் தானாகப் போவதில்லை. அடிவயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி நான் வெளியேற்ற வேண்டும். டாக்டர் என் கைமேல் தன் கையை வைத்துக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் முடியவில்லை, நானும் கோப்பியும் அழுதோம். இப்போது பழகிவிட்டது. வால் அசையவில்லை. வலது பக்கம்தான் மோசம்.

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், முதுகு நேராக இருக்க வேண்டும், குழம்புத் தட்டைச் சிந்தாமல் எடுப்பதுபோல. வெளியே கொண்டுபோக, நான் திரை தைக்கும் கடையில் மிஞ்சிய லங்சிர் துணியில் ஒரு தூளி தைத்தேன். சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாண வீட்டார் ஜன்னலுக்கு வேண்டாம் என்று திருப்பிவிட்ட பச்சைப் பூப்போட்ட துணி. இடுப்புக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்தால் பின்பக்கம் மிதக்கும். காலை நேரத்தில் அப்படிப் புல்லில் நிற்போம். முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு திரை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் நான் ஏதோ ஜன்னலைக் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

தரையெல்லாம் வழுக்குகிறது என்று ரப்பர் பாய் போட்டுவிட்டேன். கழுத்துப் பட்டை கழற்றியாயிற்று, இனி மார்புப் பட்டைதான். சாப்பாட்டுக் கிண்ணத்தை உயரத்தில் வைத்திருக்கிறேன். ஒற்றை முன்னங்காலுக்கு இப்போது எல்லாப் பாரமும் விழுவதால் அதன் மணிக்கட்டைத் தினமும் பிடித்துவிடுகிறேன்.

மத்தியானத்தில் மழை வரும், ஜன்னல் திரைகள் ஊதி ஊதி அடங்கும். கூண்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பேன். கோப்பி தூக்கத்தில் ஓடும். உங்களுக்குத் தெரியும், அது தூக்கத்தில் எப்போதும் நான்கு காலால்தான் ஓடும், இல்லாத காலின் தோள்கூடத் துடிக்கும். இப்போது முன்பக்கம் மட்டும் ஓடுகிறது. பின்பக்கம் வேறொரு நாயினுடையதுபோலக் கிடக்கிறது. தூக்கத்தில்கூட அதற்குத் தெரிந்துவிட்டது.

இனி காரணம். டாக்டர் கேட்டார், "வீட்டுல எதைக் கேட்டா இது துள்ளும்? அது இந்த ஆறு வாரம் இருக்கவே கூடாது. ஒரு துள்ளல் போதும், மிச்சமும் பிதுங்கிரும்."

"மோட்டர் சத்தம்" என்றேன்.

"ரோட்டுல எல்லா மோட்டருக்குமா?"

"இல்ல. ஒரு மோட்டருக்கு மட்டும்."

"யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது" என்றேன்.

"அப்ப அந்த மோட்டர் வரக் கூடாதுலா" என்றார்.

உங்கள் மோட்டார் சத்தம் முனையில் திரும்பும்போதே கெலாங் பாத்தா வீட்டு வாசல் திட்டிலிருந்து அது பாயும். கீழே வந்து விழுவது ஒற்றைக் காலில். ஒவ்வொரு மாலையும். நாம் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

அறுவை பற்றி: கோப்பிக்குப் பத்து வயது. இவ்வளவு தூரம் வண்டியில் குலுங்கிப் போவதையே டாக்டர் யோசிக்கிறார். உணர்வு இருக்கும்வரை கூண்டுதான்.

ஐலீன்

*

கெலாங் பாத்தா
16 ஜூன் 2025

ஐலீன்,

வரக் கூடாது என்பது டாக்டர் சொன்னதா நீ சொன்னதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். டாக்டர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பாலத்தில் வரிசை நிற்கும்போது எல்லா மோட்டாரும் ஒரே சத்தம்தான். எனக்கே என்னுடையது தனியாகக் கேட்காது. கோப்பி அதை எப்படிப் பிரித்துக் கேட்டது என்று தெரியவில்லை.

சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட அலுமினியக் குழாய்களையும் பழைய தள்ளுவண்டிச் சக்கரங்களையும் கேட்டு வாங்கி, கோப்பிக்கு ஒரு வண்டி செய்தேன். பின்பக்கத்தைத் தூக்கி வைத்தால் முன்னங்காலால் இழுத்துக்கொண்டு ஓடலாம். பேரிங் புதிது. இடுப்பு படும் இடத்தில் பஞ்சு வைத்திருக்கிறேன். நேற்று உபைத் அண்ணன் கடையில் கொடுத்திருக்கிறேன், போய் எடுத்துக்கொள்.

அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன பிரெட்ரிக், நாய்க்கு சைக்கிளா? லைசென்ஸ் எடுத்துட்டியா?" என்றார். பிறகு, "நாய் இன்னும் ஏறலைல்ல? அப்பக் கல்லாப் பக்கத்துலயே வெச்சுக்கலாம். ஏறிட்டுத் திரும்ப வந்தா மரத்தடிதான், கோவிச்சுக்காத" என்றார். தொழுகிறவர், கோப்பியைத் தொட்டதில்லை, ஆனால் நாம் அதைக் கைமாற்றும் ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் ஊற்றி மரத்தடியில் வைத்தவர் அவர்தான். நேற்றும் வைத்திருந்தார். மறந்துபோய் வைத்தேன் என்றார்.

முந்தாநாள் கனவில் பாலத்தின்மேல் வண்டி எதுவும் இல்லை. விடிகிற நேரம், கடல் தகடுபோலக் கிடந்தது. கோப்பி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை கால் என்று எண்ணப் பார்த்தேன், எண்ண எண்ண மாறிக்கொண்டே இருந்தது. நீயும் அங்கே எங்கேயோ இருந்தாய், திரை தைக்கும் சத்தம் கேட்டது.

வண்டி பொருந்துகிறதா என்று எழுது.

பிரெட்ரிக்

*

ரெங்கம்
21 ஜூன் 2025

பிரெட்ரிக்,

வண்டி அழகாக இருக்கிறது. பயன்படாது. கோப்பி அதை நக்கிவிட்டதால் உபைத் அண்ணன் கடை மரத்தடியில் திரும்ப வைத்துவிட்டேன்.

டாக்டர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்காருலா" என்றார். ஆனால் இந்த மாதிரி வண்டி முன்னங்கால் இரண்டும் இருக்கிற நாய்க்குத்தான். பின்பக்கத்தைத் தூக்கி வைத்தால் முழு உடம்பும் முன்னால் வந்து இறங்கும். கோப்பிக்கு அங்கே இருப்பது ஒன்று. அதுவும் போய்விட்டால் ஒன்றுமில்லை. நீங்கள் முன்னங்காலை மறந்துவிட்டீர்கள். ஒன்பது வருடமாக நாமிருவருமே அதை மூன்று கால் நாய் என்று நினைப்பதை மறந்துவிட்டோம் என்றும் சொல்லலாம்.

எடை போட்டார்கள். டாக்டர் தராசையும் என்னையும் பார்த்தார். "இது ரெண்டு வீட்டுல சாப்பிடற நாய்" என்றார்.

"ரெண்டு வாரம் இங்க, ரெண்டு வாரம் அங்க" என்றேன்.

"அது சரி. ரெண்டு வாரச் சாப்பாட்டுல ரெண்டு பேரும் போட்டி போட்டிருக்கீங்க."

நீங்கள் ஒப்படைப்பதற்கு முன்னால் உபைத் அண்ணன் கடையில் பொரித்த கோழி வாங்கி எலும்பெடுத்து ஊட்டுவீர்கள் என்று அவர் என்னிடம் எப்போதோ சொல்லிவிட்டார். நான் ஆட்டு ஈரல் அவித்துக் காரிலேயே கொண்டுவருவேன், அதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். கார் வளைவைத் தாண்டியதும் டப்பாவைத் திறப்பேன், அது பின்கண்ணாடியை விட்டுத் திரும்ப வேண்டும் என்பதற்காக. அந்த எடை எல்லாம் முதுகில்தான் தொங்கியிருக்கிறது. இப்போது அவித்த பூசணியும் கொஞ்சம் கோழியும் அளந்து போடுகிறேன். கிண்ணத்தை நக்கிவிட்டு, மிச்சம் எங்கே என்று என்னைப் பார்க்கிறது.

எழுத விரும்பாத ஒன்றையும் எழுதுகிறேன். மூன்றாவது வாரம் முடியப் போகிறது, கால்களில் மாற்றம் இல்லை. இடுப்பெலும்பின்மேல் தோல் சிவந்திருக்கிறது, புண்ணாகாமல் இருக்கப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்கிறேன். நேற்று விரலை அழுத்தியபோது கோப்பி திரும்பிப் பார்த்தது. ஆனால் யோசித்துவிட்டுப் பார்த்தது. டாக்டர் கையைக் கழுவப் போய்விட்டார்.

ஐலீன்

*

கெலாங் பாத்தா
25 ஜூன் 2025

ஐலீன்,

இதற்கு நீ கோபப்படுவாய். ஸ்டாம்பை ஒட்டிவிட்டு ஒரு நாள் வைத்திருந்தேன். மாறவில்லை, அதனால் அனுப்புகிறேன்.

விட்டுவிடலாம்.

ஒருமுறை அதைக் கேட்காமல் காலை எடுத்தோம். சரிதான், பிழைத்தது. இப்போது ஆறு வாரம் கூண்டில். அதன் சிறுநீரை நீ அழுத்தி எடுக்கிறாய், புண் வரப்பார்க்கிறது, வலிகூட யோசித்துத்தான் தெரிகிறது. ஓடுவதற்கென்றே பிறந்ததுபோல இருந்த நாய் அது. இப்படி வைத்திருப்பது அதற்காகவா, நமக்காகவா?

தொழிற்சாலையில் ஒரு பெல்ட் தேய்ந்து போனால் ஒட்டுப் போட்டு ஓட்டுவோம். ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் சுவிட்சை நிறுத்த வேண்டும். எல்லாரும் அவனைத்தான் திட்டுவார்கள்.

நமக்கு எதையும் விடத் தெரியவில்லை. விடத் தெரிந்திருந்தால் பாதர் முன்னால் போய் நின்றிருக்க மாட்டோம், செனாயில் ஒரு கடைக்குப் பின்னால் நாயைக் கைமாற்றிக்கொண்டிருக்க மாட்டோம்.

டாக்டரிடம் பேசு. நீ சொல்லும் நாளில் வருகிறேன். மோட்டாரில் வர மாட்டேன்.

பிரெட்ரிக்

*

ரெங்கம்
30 ஜூன் 2025

பிரெட்ரிக்,

எதை விடுவது பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நாயைப் பற்றி என்றால்:

நேற்று ஐஸ்பெட்டியைத் திறந்தபோது வால் அசைந்தது. நுனி மட்டும். மறுபடி மூடித் திறந்தேன், அசையவில்லை. எனக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம், ஆகையால் டாக்டரிடம் சொல்லவில்லை.

ஜூலை பதினோராம் தேதி டாக்டர் முழுதாகப் பார்க்கப் போகிறார். அன்றைக்கு விரலில் உணர்வு இல்லை என்றால், தூளியில் பிடித்தும் நிற்கவில்லை என்றால், சொல்ல வேண்டியதை நானே சொல்வேன். சொல்லும்போது என் கை அதன் தலைமேல் இருக்கும். உங்களைக் கேட்க மாட்டேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் நான்தான்.

அதுவரை எழுத வேண்டாம்.

ஐலீன்

*

கெலாங் பாத்தா
7 ஜூலை 2025

ஐலீன்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன், ஏனென்றால் நீ பதினோராம் தேதிக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. போஸ்ட் ஆபீசில் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, ரெங்கத்துக்கு வந்தேன். பூசை முடிந்து வண்டியை எடுத்தவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்காதே. முச்சந்தியில் இருக்கும் டயர் கடைக்கு முன்னாலேயே எஞ்சினை நிறுத்திவிட்டேன். அங்கிருந்து உன் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். எஸ்டேட் சாலையில் ஆள் நடமாட்டமில்லை. மழை வரப்போகிற வெளிச்சம், செம்பனை ஓலைகள் அசையாமல் நின்றன. சங்கிலி மட்டும் மெல்லக் கடகடத்தது, அதற்கும் பயந்து எண்ணெய் விட்டு வந்திருக்கலாமே என்று நினைத்தேன். எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் "பெட்ரோல் தீந்துருச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "ஸ்டேஷன் அந்தப் பக்கம்லா, நீ இந்தப் பக்கம் போற" என்றார்.

கேட்டுக்கு வெளியே மோட்டாரைச் சாய்த்துவிட்டுப் பக்கவாட்டு ஜன்னலுக்கு வந்தேன். கதவைத் தட்டவில்லை. நீ கூண்டுக்குப் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாய். தையல் நாடா கழுத்தில் அப்படியே கிடந்தது. ஒரு கை கம்பிகளுக்கு உள்ளே, கோப்பியின் முதுகில். மழை தொடங்கியது. திரைகள் உள்ளே ஊதி, உங்கள் இரண்டு பேரையும் மூடும், பிறகு விலகும். ஒவ்வொரு முறை விலகும்போதும் நீங்கள் இன்னும் அங்கே இருக்கிறீர்களா என்று பார்த்தேன்.

கோப்பி தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் முன்னங்கால் ஓடத் தொடங்கியது. பிறகு இல்லாத காலின் தோள். நீ எழுதியிருந்தாயே, அங்கேயே நின்றுவிடும் என்று. நானும் அங்கேயே நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பின்னங்காலின் விரல்கள் விரிந்தன. திரை மூடியது. திறந்தபோது இடது பின்னங்கால் முழுதாக இழுத்து நீட்டியது. மறுபடி இழுத்தது. பிறகு வலதும், அதைவிடக் கொஞ்சம் பின்தங்கி. நான் மெஷின் பார்க்கிறவன், அசைந்ததா அசைந்ததுபோல் இருந்ததா என்பதில் எனக்கு ஏமாற்றம் வராது. நான்கும் ஓடின. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நீ தூக்கத்தில் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாய்.

எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பினால் நான் வந்தது தெரியும், என் குரல் கேட்டால் அது துள்ளும். திரும்பிவிட்டேன். முச்சந்தியையும் தாண்டி, சந்தைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் அங்கேதான் ஸ்டார்ட் செய்தேன். அதற்குள் முழுக்க நனைந்திருந்தேன்.

போன கடிதத்தில் எழுதியது எழுதியதுதான். அதைத் தபாலிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

கோப்பிக்குச் செய்த வண்டியை உபைத் அண்ணன் கடை மரத்தடியிலிருந்து கொண்டுவந்து பிரித்துவிட்டேன். குழாய்களை வைத்து இங்கே வாசல் திட்டுக்கு ஒரு சரிவுப் பாதை செய்திருக்கிறேன். அது ஏறிக் குதிக்கக் கூடாதென்று சோபாவைக் கொடுத்துவிட்டேன். நீலப் பெட்டியையும் கழற்றிவிட்டேன். கோப்பி இங்கே வருமா வராதா என்று தெரியாது. கைக்கு வேலை வேண்டியிருந்தது.

டாக்டரிடம் சொல். நான் பார்த்தேன் என்று சொல்.

பிரெட்ரிக்

*

ரெங்கம்
12 ஜூலை 2025

பிரெட்ரிக்,

நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். எழுந்தபோது கோப்பி ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டி, இரண்டு காதையும் தூக்கிப் படுத்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். சேற்றில் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்ற செருப்புத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது, கேட்டுக்கு வெளியே டயர் தடம். சத்தமே கேட்கவில்லையே என்று யோசித்தேன். டயர் தடத்துக்குப் பக்கத்திலேயே செருப்புத் தடமும் சாலை வரைக்கும் போனது. அதைப் பார்த்த பிறகு உள்ளே வந்து, தேநீர் போட்டு, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று டாக்டரிடம் போனோம். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், தூக்கத்தில் ஓடிய பகுதியை மட்டும். "தூக்கத்துல ஓடறதை வெச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. ஆனா கேக்க நல்லாருக்கு" என்றார். பிறகு இடுக்கியை எடுத்து விரலை அழுத்தினார். கோப்பி யோசிக்கவில்லை. அவர் கையைக் கடிக்கப் பாய்ந்தது. அவர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

தூளியைக் கட்டித் தரையில் இறக்கினோம். நின்றது. பிறகு நடந்தது. கள் குடித்தவனைப்போல, பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது பாதம் மடங்கி மடங்கி விழுந்தது. ஆனால் என் கையில் பாரம் குறைந்துகொண்டே வந்தது. சுவருக்குப் போய்ச் சேரும்போது நான் துணியைத்தான் பிடித்திருந்தேன், நாயை இல்லை.

இது முழுக்கச் சரியாகாது. அதையும் சொல்லிவிட்டார். இனி படி ஏறக் கூடாது, எங்கிருந்தும் குதிக்கக் கூடாது, எடை ஏறக் கூடாது, மோட்டாரில் ஏறவே கூடாது. டிஸ்க் இன்னொரு முறை பிதுங்கலாம். மூன்று காலும் இந்த முதுகும் இருக்கிறவரை இப்படித்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செனாய் வரைக்கும் வண்டியில் குலுங்கி வீடு மாறுவது இனி ஆகாது. "ஒரே வீடு, ஒரே தரை. எந்த வீடுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று கவனித்தேன். அதற்குள் வேறு அர்த்தம் எதுவும் இல்லை. அப்போது சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீங்கள் பாலத்தில் நின்று "அப்புறம் பேசலாம்" என்று சொன்னபோதும் அவ்வளவுதானா என்று குளுவாங்கிலிருந்து வீடு வரும் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இருபதாம் தேதி ஞாயிறு, பூசைக்குப் பிறகு வாருங்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், நான் தூளியில் பிடித்திருந்தால் வரலாம் என்றார். கேட்டுக்கு உள்ளே புல்லில் ரப்பர் பாய் விரித்து வைத்திருப்பேன், அதில் உட்கார்ந்துவிடுங்கள். நிற்கக் கூடாது, நின்றால் உங்கள் முகத்துக்கு எட்டப் பார்க்கும். கூப்பிடவும் வேண்டாம். நாங்கள் வாசலிலிருந்து புறப்படுவோம். மெதுவாகத்தான் வருவோம். பாதியில் எழுந்து எதிரே வந்துவிடாதீர்கள், அது உங்களிடம் வந்து சேரட்டும். வந்து சேர்ந்த பிறகு எந்த வீடு என்று பேசலாம். போனில் இல்லை, தபாலிலும் இல்லை.

கோழி வாங்கி வர வேண்டாம்.

மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டாம். கேட் வரைக்கும் ஓட்டியே வாருங்கள். அதற்குக் கேட்கட்டும்.

ஐலீன்